கடல்வெள்ளிக்கு ஒரு கையெழுத்து

கனடாவுக்குப் போகிறவர்கள் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொண்டு போவார்கள். நானும் கொண்டு போனேன். அதற்கு மேலதிகமாக என் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு பத்திரம் இருந்தது. ரொறன்ரோ விமான நிலையத்தில் அதிகாரி வந்த காரணத்தைக் கேட்டபோது தங்கச்சியைப் பார்க்க என்றேன். கால்பந்துக் கழகம் ஒன்றை மூட வந்திருக்கிறேன் என்று சொன்னால் அந்த மனிதருக்கு விளங்கப்படுத்த அரை நாள் போயிருக்கும்.

விஷயம் இதுதான். யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிறது எங்கள் ஊர். கத்தோலிக்கக் கடற்கரை ஊர். அங்கே 'கடல்வெள்ளி விளையாட்டுக் கழகம்' என்று ஒன்று இருந்தது. மாதாவைக் 'கடலின் விண்மீன்' என்று கும்பிடுகிறோமே, அதிலிருந்து வந்த பெயர்; விண்மீனை நாங்கள் வெள்ளி என்போம். இருபது வருடத்துக்கு முன் இராணுவம் வந்து ஒரே நாளில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. பாதிப் பேர் முகாமுக்குப் போனார்கள், மீதிப் பேர் கப்பலும் விமானமும் ஏறினார்கள். கழகத்தின் கடைசிச் செயலாளர் சூசைப்பிள்ளை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினான்காம் மாடியில் ஏறி இருந்துவிட்டார்.

முகாமில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். முகாமை அதிகாரிகள் யூனிற் யூனிற்றாகப் பிரித்து நம்பர் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ச் சனம் இருந்தது ஆறாம் யூனிற்றில். அங்கே பந்தடித்த பொடியன்களைச் சுற்று வட்டாரம் 'ஆறாம் யூனிற்' என்று கூப்பிட்டது. அதே பெயரில் அவர்கள் விளையாடினார்கள், வென்றார்கள், அடியும் பட்டார்கள். போர் முடிந்த அடுத்த வருடம் லீக் ஆட்டங்கள் திரும்பத் தொடங்கின. ஊருக்குள் போக இன்னும் அனுமதி இல்லை, ஆனால் பந்து விளையாட அனுமதி வந்துவிட்டது. லீக்கில் ஒரு விதி: ஒரு ஊருக்கு ஒரு கழகம்தான். பழைய கழகம் கலைக்கப்பட்டது என்று அதன் கடைசிச் செயலாளர் கையெழுத்து வைத்தால்தான் புதியது பதிவாகும்.

பத்திரத்தைத் தபாலில் இரண்டு முறை அனுப்பினோம். முதல் முறை சும்மா திரும்பி வந்தது. இரண்டாம் முறை குறுக்காக 'விசர்க் கதை', அதாவது பைத்தியக்காரப் பேச்சு, என்று எழுதி வந்தது. மாத முடிவுக்குள் கையெழுத்து இல்லையென்றால் இந்த வருடம் பொடியன்கள் வேலிக்கு வெளியே நின்று மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். அணித்தலைவன் றொசான் என்னை வழியனுப்ப வந்தவன், "மாஸ்ரர், வெறுங்கையோடை மட்டும் வந்திடாதேங்கோ," என்றான்.

நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன், இருபது வருடம் ஆட்டங்களுக்கு விசில் பிடித்தவன். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு மத்தியஸ்தர் என்று பெயர். இரண்டு தொழிலிலும் எதிர்க்கதை கேட்டுப் பழக்கமில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இளமையில் கடல்வெள்ளிக்கு ஆறு ஆட்டம் விளையாடியிருக்கிறேன். ஏழாவதுக்கு என்னை எடுக்காமல் விட்டவர் இதே சூசை அண்ணைதான்.

தங்கச்சி றீற்றா இருப்பது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில். தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே கபில நிறம், ஒரே கராஜ் கதவு. வந்த மறுநாள் விடிய நடக்கப் போய்த் திரும்பி வந்து யாருடைய கதவையோ தள்ளினேன். உள்ளே சீக்கியர் ஒருவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றார். பாவம், கோபிக்கவில்லை. என்னைக் கையைப் பிடித்து மூன்று வீடு தள்ளிக் கொண்டுவந்து விட்டார். முதல் நாள் சாப்பாட்டுக்கு அங்கேயே வாங்கிய விளைமீன் குழம்பு வைத்திருந்தாள் றீற்றா. மீன் எங்கள் மீன்தான், ஆனால் ஐஸில் கிடந்து கிடந்து தன் சொந்த ஊரை மறந்துவிட்டது. சொன்னால் கோபிப்பாள் என்று இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டேன்.

அது உலகக் கிண்ணம் நடந்த மாதம். கார்களின் ஜன்னலில் கொடிகள் பறந்தன. ஒரே காரில் போர்த்துக்கல் கொடியையும் பிரேசில் கொடியையும் பார்த்தேன். கணவன் ஒன்று, மனைவி ஒன்றாம். எங்கள் ஊரில் இப்படி இரண்டு கொடி கட்டினால் இரண்டு பக்கமும் அடிக்க வரும்.

திங்கட்கிழமை ஸ்காபரோவுக்குத் தனியாகவே புறப்பட்டேன். றீற்றாவின் மகள் ஷெரின் வேலைக்குப் போகும் வழியில் ரயிலில் ஏற்றிவிட்டாள். "மாமா, இறங்கி பஸ் எடுக்கோணும். Just stay at the stop, ஓகே? அசையக்கூடாது," என்றாள். ரயில் நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது. குறை சொல்ல ஒன்றுமில்லாமல் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பஸ்தான் என்னை அவமானப்படுத்தியது. நான் தரிப்பிடத்துக்கு நாற்பது யார் தூரத்தில் வரும்போதே அது புறப்பட்டுவிட்டது. ஊரில் என்றால் கையைக் காட்டினால் மினிபஸ் நடுத்தெருவில் நிற்கும், பின்னுக்கும் வரும். நான் ஓடினேன், கையை ஆட்டினேன். அது போய்க்கொண்டே இருந்தது. என் சாவிக்கொத்தில் எப்போதும் பழைய விசில் தொங்கும். யோசிக்கவில்லை. எடுத்து ஒரு ஊது ஊதினேன். பஸ் கிறீச்சென்று நின்றது. பின்னால் வந்த காரும் நின்றது. சாரதி கதவைத் திறந்து, நான் யார், பொலிஸா என்று கேட்டார். ரெபரி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த தரிப்பிடத்தில் வந்து ஏறு என்று கதவைச் சாத்திவிட்டார்.

தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல், "அங்கிள், இஞ்ச பஸ்ஸைக் கலைக்கக்கூடாது. கலைச்சாலும் நிக்கமாட்டாங்கள். பத்து நிமிசத்தில மற்றது வரும், இருங்கோ," என்றார். எங்கள் பேச்சில் கலைப்பது என்றால் துரத்துவது. நாயைக் கலைப்போம், கோழியைக் கலைப்போம், பந்தைக் கலைத்துக்கொண்டு ஓடுவோம். பஸ்ஸைக் கலைத்த கதை நான் போய்ச் சேருவதற்கு முன்பே சூசை அண்ணையின் மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண்மணியும் அதே கட்டடமாம், போனிலேயே சொல்லிவிட்டாராம்.

"வாடா விசில்காரா," என்றுதான் கதவைத் திறந்தார்.

அறுபத்தேழு வயது. மனைவி போய் நாலு வருடம். பல்கனியில் கயிறு கட்டிக் கருவாடு காயப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுத்து, அலுவலகத்தில் இருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறதாம். இரண்டையும் கருவாட்டுக்குக் கீழே எண்ணெய் ஒழுகாமல் விரித்திருந்தார். எனக்குச் சோறு போட்டு, அந்தக் கருவாட்டையே பொரித்துத் தந்தார். றீற்றாவின் மீனை விட நூறு மடங்கு நல்லது. கடமையை மறந்துவிடுவேனோ என்று பயந்து, கை கழுவியதும் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"கலைக்கப்பட்டதோ? ஆரடா கலைச்சது? கூட்டம் போட்டதோ? தீர்மானம் எடுத்ததோ? நான் செயலாளர், எனக்குத் தெரியாமல் எப்பிடியடா கலையும்? பொய்க்குக் கையெழுத்து வைக்க என்னால ஏலாது."

"அண்ணை, அது சும்மா ஒரு சொல்லு. லீக்கில எல்லாருக்கும் அடிச்சு வைச்சிருக்கிற பத்திரம்."

"சொல்லு எண்டா சும்மாவோ? நீ கணக்கு வாத்தி, உனக்கென்ன தெரியும். பொடியள் கடல்வெள்ளி எண்டு விளையாடட்டும். நாளைக்கே ஜேர்சி, சப்பாத்து, பந்து எல்லாம் இஞ்சையிருந்து அனுப்புறன். வேண்டாமோ? அகதி முகாம் நம்பரைப் போய்க் கழகத்துக்குப் பேரா வைக்கிறதோ? எவனோ ஒரு கிளாக்கன் போட்ட நம்பர். வெக்கமில்லையோ உங்களுக்கு?"

இதையே நான் றொசானிடம் கேட்டிருந்தேன். அவன் சொன்னதைச் சூசை அண்ணைக்கு அப்படியே சொன்னேன்: "மாஸ்ரர், கடல்வெள்ளி எண்டா எங்களுக்குச் சுவரில தொங்கிற ஒரு போட்டோ. நாங்கள் கடலைப் பாத்தே வளரேல்லை. ஆறாம் யூனிற் எண்டுதான் எங்களைக் கூப்பிட்டவங்கள், அந்தப் பேருக்குத்தான் நாங்கள் அடி வாங்கினது."

சூசை அண்ணை எழுந்து போய்க் கருவாட்டைத் திருப்பிப் போட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

புதன்கிழமை இரண்டாம் முயற்சி. பிளாசாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்தோம். கடையில் இடியப்பம் நிறை பார்த்து விற்கிறார்கள். ரோல்ஸ் நம் ஊரை விடப் பெரிது, உறைப்பு பாதி. சூசை அண்ணை ஒரு பையை நீட்டினார். உள்ளே ஒரு வெள்ளை ரீசேட். நெஞ்சில் உள்ளங்கை அளவு ஐந்து முனை வெள்ளி. கனடாவில் இருக்கும் பழைய கடல்வெள்ளிக்காரர்கள் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கில் கூடிக் கொத்துரொட்டி சாப்பிடும் நாளுக்கு அடிப்பித்ததாம்.

வெள்ளி சிவப்பாக இருந்தது. எங்கள் வெள்ளி நீலம். மாதாவின் நிறம். நான் ஆறு ஆட்டம் போட்டு விளையாடிய நீலம்.

"அண்ணை, பேரில ஒரு எழுத்தும் மாறக்கூடாது எண்டுறியள். நிறத்தை மாத்தினது ஆர்?"

"பிறின்ற் அடிச்ச பொடியன் நீலம் முடிஞ்சுது எண்டான்."

"அப்ப திருப்பிக் குடுத்திருக்கலாமே."

"பார்க் அடுத்த நாள் புக் பண்ணியாச்சு. உனக்கு எல்லாத்திலயும் ஓப்சைட்." முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தவர், "சரி, ஞாயிற்றுக்கிழமை என்னோட மிசிசாகாவுக்கு வா. பேரை விடாத ஆக்கள் எப்பிடி இருக்கினம் எண்டு உனக்குக் காட்டுறன். உந்த ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வா," என்றார்.

மிசிசாகாவில் ஜன்னல் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் பதினேழு வருடம் வேலை செய்தவர். பக்கத்து மெஷினில் யோசிப் என்ற குரோஷியன். போர்மன் இருவரையும் ஜோ என்று கூப்பிட்டு, குழப்பம் வந்ததும் பெரிய ஜோ, சின்ன ஜோ என்று ஆக்கியிருக்கிறான். பல வருடம் கழித்துத்தான் இருவருக்கும் தெரிந்ததாம், யோசிப்பும் சூசையும் ஒரே புனிதரின் பெயர் என்று. "பதினேழு வருசம் ரெண்டு சூசையப்பர் பக்கத்தில பக்கத்தில நிண்டு ஜன்னல் அடிச்சிருக்கிறம்," என்று சூசை அண்ணை காரில் சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் வெளியேறும் பாதை தப்பிவிட்டது. நானூற்றொன்று என்ற அந்தப் பெருந்தெருவில் ஒரு பாதை தப்பினால் அடுத்தது வரும்வரை திரும்ப முடியாது. விமான நிலையத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தோம்.

குரோஷியர்களின் சங்கத்துக்குப் பெரிய புல்வெளி. ஒரு கோவில், ஒரு மண்டபம், ஒரு மைதானம். பூசை முடிந்து சனம் நின்றது. முழு ஆட்டுக்குட்டிகள் கம்பியில் கோத்தபடி நெருப்பில் சுழன்றன. மண்டபத்தில் பெரிய தொலைக்காட்சி. அந்த முறை அவர்களுடைய நாடு உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை. பழைய யூகோஸ்லாவியாவில் இருந்து பிரிந்த செர்பியாவும் ஸ்லோவேனியாவும் போயிருந்தன. அக்கம்பக்கத்து வீட்டுக் கலியாணத்தைச் சுவருக்கு மேலால் பார்க்கிறவர்களின் முகத்தோடு எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இறைச்சி வரிசையில் நின்றேன். எண்பது வயது மதிக்கத்தக்க உயரமான கிழவர் என் முன்னால் வந்து நின்று, நெஞ்சைக் காட்டி என்னவோ சொன்னார். கழகத்தின் சின்னத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து நான் ரீசேட்டை இரண்டு கையாலும் இழுத்து விரித்து நன்றாகக் காட்டினேன். அவர் புல்லில் துப்பினார். என் பக்கத்தில் நின்ற அம்மா தன் தட்டோடு இரண்டு அடி தள்ளிப் போனார்.

யோசிப் ஓடி வந்தார். குட்டையான, அகன்ற மனிதர், இறைச்சி வெட்டிய கத்தி இன்னும் கையில். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மேசைத்துணியை எடுத்து என் நெஞ்சில் போர்த்தினார். சவரத்துக்கு இருக்கிறவனின் கோலத்தில் நின்றேன். யோசிப் ஆங்கிலத்தில் சூசை அண்ணையைத் திட்டினார்: "சின்ன ஜோ, உனக்கு மூளை இல்லையா? சிவப்பு நட்சத்திரத்தையா இங்கே கொண்டுவருவாய்? நாற்பத்தைந்து வருடம் கம்யூனிஸ்டுகள் எங்கள் தலைக்கு மேல் வைத்திருந்தது அது. செர்பியர்களின் பெல்கிரேட்டில் ஒரு கழகத்துக்கே அந்தப் பெயர்!"

சூசை அண்ணை என் நெஞ்சையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கோ கோபம். மாதாவின் வெள்ளியைப் பார்த்து ஒருவர் துப்பியிருக்கிறார், எப்படிச் சும்மா இருப்பது? குருமடத்தில் இரண்டு வருடம் படித்த லத்தீன் அப்போது கைகொடுத்தது. மேசைத்துணியை விலக்கி, கிழவரின் முகத்துக்கு நேரே, "ஸ்ரெல்லா மாரிஸ்!" என்றேன். "மரியா! ஸ்ரெல்லா மாரிஸ்!"

கிழவர் என்னைப் பார்த்தார். வெள்ளியைப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டார். பிறகு தன் பாஷையில் ஒரு நீளமான வசனம் சொல்லி என் தோளில் ஒரு அடி போட்டார், தோள் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். யோசிப் மொழிபெயர்த்தார்: "மாதாவை மன்னித்துக்கொள்ளச் சொல்லட்டாம். ஆனாலும் சிவப்பு சிவப்புதான். மறுபக்கம் போடட்டாம்." மண்டபத்தின் பின்பக்கம் போய் உட்புறம் வெளியே வர ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். கிழவர் தன் கையாலேயே எனக்கு விலா எலும்பு இரண்டு வைத்தார். பச்சை வெங்காயமும் பாணும் பக்கத்தில். சூசை அண்ணை காற்சட்டைப்பையில் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து மிளகாய்த்தூள் தூவினார். பதினேழு வருடப் பழக்கம் என்பதால் யோசிப்பும் தட்டை நீட்டினார்.

"இந்தக் கிழவன் ஸ்ப்ளிற் நகரத்தான்," என்றார் யோசிப். "கடற்கரைக்காரன். உலக யுத்தத்தில் அவர்களுடைய ஊரை இத்தாலி பிடித்தபோது, இத்தாலி லீக்கில் விளையாடச் சொன்னார்கள். அந்த ஊர்க் கழகம் மாட்டேன் என்றது. விளையாட்டுக்காரர்கள் படகேறி ஒரு தீவுக்குப் போய், காட்டுக்குள் இருந்து சண்டை பிடித்த கம்யூனிஸ்ட் படைக்காக விளையாடினார்கள். அதனால் யுத்தம் முடிந்ததும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை, பெயரும் தப்பிவிட்டது. ஆனால் சின்னத்தில் இருந்த எங்கள் சிவப்பு வெள்ளைக் கட்டங்களை எடுத்துவிட்டுச் சிவப்பு நட்சத்திரத்தை வைத்துவிட்டார்கள். இவனே இளமையில் அதைப் போட்டு விளையாடியவன்தான். கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டான்."

படகேறித் தீவுக்குப் போன கழகம் என்றதும் நானும் சூசை அண்ணையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஆட்களிலும் பலர் படகேறித்தான் போனார்கள்.

"உன்ரை அப்பாவின்ரை கதையைச் சொல்லு," என்று சூசை அண்ணை தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் காட்ட விரும்பியது இதைத்தான் என்பது தெரிந்தது.

யோசிப்பின் தகப்பன் சாக்ரெப் நகரத்தில் ஒரு பெரிய கழகத்தின் சாமான் அறையைப் பார்த்தவர். பந்து தைப்பது, சப்பாத்துக்கு மெழுகு போடுவது எல்லாம் அவர் வேலை. யுத்தகாலத்தில் ஜெர்மனிக்குச் சார்பான அரசு நடத்திய லீக்கில் அந்தக் கழகமும் விளையாடியது. யுத்தம் முடிந்து கம்யூனிஸ்டுகள் வந்ததும், அந்த லீக்கில் விளையாடிய கழகங்களை எல்லாம் ஒரே உத்தரவில் மூடினார்கள். நகரத்தின் மூன்று பழைய கழகங்கள் போயின. காகிதங்களை எரித்தார்களாம். தகப்பனுடைய சாமான் அறைக்கு வேறு பூட்டு விழுந்தது.

"கேட்டியோ?" என்று சூசை அண்ணை என் தொடையில் தட்டினார். "மூடினது ஆர்? வெளியில இருந்து வந்தவன். அவங்கட ஆக்கள் இஞ்ச வந்து என்ன செய்தவை தெரியுமோ? தங்கட நாட்டின்ரை பேரையே கழகத்துக்கு வைச்சு விளையாடினவை. அங்க அந்தப் பேரோட இறங்கினா பிடிச்சு மறியலில போடுவாங்கள். இஞ்ச கப்பே அடிச்சவை. பேரை விடேல்லை!"

விலா எலும்பைத் தட்டில் திரும்ப வைத்தேன். ஆட்டம் முழுக்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. றொசானுக்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் வசனம் அடுக்கத் தொடங்கினேன்.

யோசிப் பாணைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்தார். "பொறு, சின்ன ஜோ. பாதியில் நிற்பாட்டாதே," என்றார். "மூடிய அதே வருடம் புதிதாக ஒரு கழகம் தொடங்கினார்கள். அதே நீல நிறம், அதே மைதானம், விளையாட்டுக்காரர்களிலும் கொஞ்சப் பேர் அதே ஆட்கள். பெயர் மட்டும் ரஷ்யப் பாணியில் டைனமோ."

"டைனமோவோ? சைக்கிள் டைனமோவோ?" என்றேன். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, அந்தச் சாமானில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள்.

"அதேதான். என் தகப்பனை அதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ட்ராம் வண்டிக்கு எண்ணெய் விடப் போனார். அந்தப் பெயரை வாயால் சொல்லமாட்டார். 'அவர்களுடைய கழகம்' என்றுதான் சொல்வார். ஆனால் ஒரு ஞாயிறு தவறாமல் ஆட்டம் பார்க்கப் போனார். மழையிலும் போனார்."

சூசை அண்ணை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "பிறகேன் போனவர்?"

"நானும் கேட்டேன். 'பெயர்தான் அவர்களுடையது, விளையாடுகிறது நம் பிள்ளைகள்' என்றார்."

யோசிப் தொடர்ந்தார். நாடு தனியானதும் புதிய தலைவர்கள் டைனமோ கம்யூனிஸ்ட் பெயர் என்று தூக்கிவிட்டார்களாம். முதலில் மூடப்பட்ட பழைய கழகங்களின் பெயரைத் திருப்பி வைத்தார்கள். தகப்பனின் கழகத்தின் பெயரும் அதில் இருந்தது. இரண்டு வருடத்தில் அதையும் எடுத்துவிட்டு நாட்டின் பெயரை வைத்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"எங்கள் சண்டை முடிந்த அடுத்த வருடம் நான் சாக்ரெப் போனேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனேன். மைதானம் முழுக்க இளம் பிள்ளைகள் 'டைனமோ! டைனமோ!' என்று கத்தினார்கள். அரசாங்கத்தைத் திட்டினார்கள். கம்யூனிஸ்ட் வைத்த பெயர்தான், ஆனால் அவர்கள் பிறந்தது அந்தப் பெயருக்குள். ஒன்பது, பத்து வருடம் விடாமல் கத்தித் திரும்பவும் அதை வாங்கிவிட்டார்கள். இங்கே மிசிசாகாவில் பிறந்த என் மகனும் அதைக் கையில் பச்சை குத்தி வைத்திருக்கிறான்."

"அப்பாவும் கத்தினவரோ?" என்று சூசை அண்ணை கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"இல்லை. திரும்பி வரும்போது ட்ராமில் இருந்து, வெளியே பார்த்துக்கொண்டே, 'டைனமோ இன்றைக்கு மோசமாக விளையாடியது' என்றார். ஐம்பது வருடத்தில் முதல் முறை அந்தச் சொல் அவர் வாயில் வந்தது." யோசிப் சிரித்தார். கண்ணைத் துடைக்கவும் செய்தார். வெங்காயம் என்றார்.

திரும்பும் வழியில் சூசை அண்ணை பேசவே இல்லை. பாதையும் தப்பவில்லை. ஸ்காபரோவை நெருங்கும்போது, "அந்தப் பொடியன் றொசான், எந்த இடத்தில விளையாடுறவன்?" என்றார்.

"இடது பக்கம். வேகமெண்டா வேகம்."

"ஆரின்ரை பொடியன்?"

"மரியானின்ரை."

"எங்கட கோலி மரியானோ?"

"ஓம் அண்ணை. மரியான் செத்து ஏழு வருசம். முகாமிலதான்."

சூசை அண்ணை சிக்னல் போட்டு ஓரமாக நிறுத்தினார். மரியான் கோல் காத்த ஒன்பது வருடமும் அவனுக்கு நேர் முன்னால் பின்வரிசையில் நின்று ஆடியவர் அவர்தான். மரியான் போனது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

பத்திரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. விசில் ஊதுகிறவனுக்கு ஊதாமல் இருக்கவும் தெரிய வேண்டும். அடுத்த இரண்டு நாளும் றீற்றாவோடு கடை கடையாகத் திரிந்து, ஊரில் எல்லாருக்கும் சொக்லேட் வாங்கினேன். அந்த நாட்டில் சொக்லேட் வாங்காமல் வர விடமாட்டார்கள்.

புறப்படுகிற அன்று மத்தியானம் சூசை அண்ணை அஜக்ஸுக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கடதாசியில் சுற்றிய கருவாடு ஒரு கையில். "கொண்டா உந்தப் பத்திரத்தை," என்றார். றீற்றா தேத்தண்ணி வைத்தாள். அதைத் தொடாமல் கண்ணாடியைப் போட்டு, முதல் நாள் வாசித்த அதே வரியைத் திரும்பவும் வாசித்தார். பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்ற பேச்சைத் திரும்பவும் தொடங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கலைக்கப்பட்டது," என்று மெல்லச் சொன்னார். இன்னொரு முறை சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"அல்பிரட், உதில பொய் இல்லையடா. நான்தான் பிழையா வாசிச்சுப்போட்டன்."

"என்னண்ணை?"

"எங்களைக் கலைச்சவங்கள்தானே? நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைச்சவங்கள்தானே? கழகமும் எங்களோடதானே ஓடினது?"

பேனாவை வாங்கினார். கலைக்கப்பட்ட தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போடவில்லை. வேறொரு தேதியை எழுதினார், யோசிக்காமல், மாதமும் நாளும் வருடமுமாக. றீற்றா எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லும் தேதி அது. கீழே கையெழுத்தைப் போட்டு, 'செயலாளர், கடல்வெள்ளி' என்று அழுத்தி எழுதினார். தேத்தண்ணி ஆறிவிட்டது, திரும்பச் சூடாக்கிக் குடித்தார்.

யாழ்ப்பாணத்தில் லீக் அலுவலகத்தில் இருந்தவர் தேதியைப் பார்த்து, "இருபது வருசம் பழசா இருக்கே மாஸ்ரர்?" என்றார். ஓம் என்றேன். முத்திரையைக் குத்தி ஒரு பிரதியைத் தந்தார். மாதம் முடிய நாலு நாள் இருந்தது.

வெளியே சைக்கிளோடு றொசான் நின்றான். பிரதியை வாங்கி, எழுத்தெழுத்தாக வாசித்தான். ஊரை விட்டு வரும்போது அவனுக்கு நாலு வயது. தகப்பனின் தோளில் வந்தவன். தேதியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மாஸ்ரர், இது நாங்கள் வெளிக்கிட்ட நாளெல்லோ?"

"ஓம்," என்றேன். "அண்டைக்குத்தான் கலைச்சவங்கள்."